ஐந்து நட்சத்திர மாவு

ஏசியை இருபத்தாறில் வைத்துவிட்டார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கூடிய கூட்டத்திலேயே பதினெட்டில் வைத்தால் வெளியே தெரிந்து சிரிப்பார்கள் என்று இருபத்தாறு. அதனால் நாட்டின் கரண்ட்டைக் காப்பாற்ற வந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு தாளை எடுத்து விசிறிக்கொண்டிருக்கிறோம், மற்றவர்களுக்கு வேர்ப்பது வெக்கையால், எனக்கு வேர்ப்பது வேறு காரணத்தால். அதோ திரைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பிரிவாக வாசித்துக்கொண்டு வருகிறாளே, இந்தக் குழுவின் தலைவர், வீட்டுக் கிரைண்டர் எவ்வளவு கரண்ட் தின்றால் எத்தனை நட்சத்திரம் என்று ஊருக்கெல்லாம் வகுத்துக் கொடுக்கப்போகிறவள், சாரதாமணி மேடம், அவள் என் மனைவி. இரண்டு பேரும் ஒரே பரிசோதனைக் கூடத்தில்தான் இன்ஜினியர்கள். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள், என் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து மீட்டர் பார்க்கக் கற்றுக்கொண்டவள், இப்போது மாடியில் தனி அறையில் இருக்கிறாள், நான் அதே கீழ்த்தளத்தில் அதே மேஜையில். ஆபீசில் நான் மேடம் என்பேன், அவள் சார் என்பாள், கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் அப்படி ஒரு ஏற்பாடு. ஆனால் அவள் சொல்லும் அந்தச் சாரின் வாலில் ஒரு பொடிச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும், உதட்டில் வராது, குரலில் மட்டும் வரும், 'அந்த ரிப்போர்ட் என்னாச்சுங்க சார்' என்று எல்லார் முன்னாலும் கேட்கும்போது அது எனக்கு மட்டும் கேட்கும். மாடி அறை, பதவி, கார் எல்லாம் அவளுக்கு, அந்தச் சிரிப்பு எனக்கு, பாகப்பிரிவினை சரிதான் என்று இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். இன்றைக்குக் காலையிலிருந்து அவள் என்னைச் சார் என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

மூலையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. கிரைண்டர் தயாரிப்பாளர் சங்கத்துத் தலைவர் நாச்சிமுத்து கொண்டுவந்து வைத்தது, சின்ன மோட்டார் போட்ட புது மாடல், உள்ளே ஊறின உளுந்து, பக்கத்தில் கரண்ட்டை அளக்கும் மீட்டர். சாரதாமணி எழுதியிருக்கும் முறைப்படி அரை மணி நேரம் ஓடவேண்டும், ஓடி முடித்ததும் மீட்டரைப் பார்க்கவேண்டும், குறைவாகத் தின்றிருந்தால் நட்சத்திரம் ஏறும், பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்குமே அதே மாதிரி ஸ்டிக்கர், ஐந்து நட்சத்திரம் வாங்கிவிட்டால் நாச்சிமுத்துவுக்குத் தீபாவளி. கல் சுற்றுகிற சத்தத்தை மற்றவர்கள் சத்தமாகக் கேட்கிறார்கள், எனக்கு அது பேச்சு. உளுந்து அரைக்கும்போது முதலில் கரகரவென்று ஒரு முரட்டுக் குரல், அப்புறம் தண்ணீர் தெளித்துத் தெளித்து விட அது இறங்கி, கடைசியில் மாவு பொங்கி மேலே வரும்போது சளப் சளப் என்று கல் மாவை அடிக்கும் சத்தம் வரும், அது வந்தால்தான் ஆனது. இங்கே இன்னும் கரகரப்புதான். அரை மணி முடிகிற நேரம் நெருங்கிவிட்டது, இன்னும் கரகரப்பு. இந்த மோட்டாருக்கு மூச்சு பத்தாது, மெல்லச் சுற்றுகிறது, மெல்லச் சுற்றினால் கரண்ட் கம்மியாகத்தான் தின்னும், பாதி வேலை செய்கிறவன் பாதிச் சோறு தின்பதில் என்ன அதிசயம். மாவு ஆகிவிட்டதா என்று இந்த அறையில் ஒருத்தரும் கேட்கப்போவதில்லை, ஏனென்றால் அந்தக் கேள்வி அவள் எழுதிய முறையிலேயே இல்லை. முன்பு இருந்தது. அதை வைத்தது நான்.

வீட்டில் மாவு அரைப்பது என் வேலை. கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது, அப்படியே என் தலையில் விடிந்துவிட்டது, எனக்கும் பிடித்துப்போனது, ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. உளுந்து மாவு ஆனதா என்று பார்க்க ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடவேண்டும், மிதந்தால் ஆயிற்று, முழுகினால் இன்னும் ஓட்டவேண்டும், இது ஊரில் எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம், நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அதைப் பரிசோதனை முறையாக மாற்றியது நான். எவ்வளவு பெரிய சொட்டு, எவ்வளவு உயரத்திலிருந்து, தண்ணீர் என்ன சூட்டில் இருக்கவேண்டும், எத்தனை சொட்டு மிதந்தால் கணக்கு, எல்லாம் பரிசோதனைக் கூடத்தில் மாதக்கணக்காக விட்டு விட்டுப் பார்த்து வகுத்தேன். நேரத்தை வைத்து நிறுத்தாதே, மாவை வைத்து நிறுத்து, மாவு ஆகிற வரைக்கும் எவ்வளவு கரண்ட் என்று பார், அதுதான் நியாயமான அளவு என்று அவளிடம் சொன்ன அன்றைக்கு அவள் கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு, "ஏனுங்க, இது பெரிய விஷயமுங்க" என்றாள். அப்படிச் சொன்ன வாய்தான். என் முறை முதல் வரைவில் இருந்தது. நேற்று சாயங்காலம் மெயிலில் எல்லாருக்கும் வந்த கடைசி வரைவில் இல்லை. வழித்து எடுத்துவிட்டு, அரை மணி நேரம் ஓட்டுக என்று மொட்டையாக ஒரு வரி. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் நான் ஏங்குகிறேன் என்று ஆகிவிடும். ராத்திரி சாப்பிடும்போது கேட்காமல் சாப்பிட்டேன், அவளும் சொல்லாமல் சாப்பிட்டாள், காலையில் காரில் ஏறும்போது மட்டும், "இன்னிக்காச்சும் கூட்டத்துல வாயத் தொறந்து பேசுங்க, கொழுக்கட்டைய வெச்சுட்டு உக்காந்துறாதீங்க" என்றாள். குத்திவிட்டுப் போகிறாள். பிடுங்கிக்கொண்டதோடு நிற்காமல் குத்தல் வேறு. கொழுக்கட்டை. அந்தக் கொழுக்கட்டை காலையிலிருந்து தொண்டையிலேயே நிற்கிறது.

கோஷி அவளுக்குப் பேனா கொடுக்கிறான். டெல்லியிலிருந்து இந்தக் கூட்டத்தை மேற்பார்வை பார்க்க வந்திருக்கும் அதிகாரி, மலையாளி, தமிழும் பேசுவான், அளந்து வைத்த தாடி. அவள் பேனா எழுதாமல் போனது, தாளில் கிறுக்கிப் பார்த்தாள், நான் என் சட்டைப் பையைத் தொடுவதற்குள் அவன் எழுந்தே போய் நீட்டிவிட்டான். "எடுத்துக்கோங்க சாரதா." சாரதா. அந்தப் பெயரில் அவளை யாரும் கூப்பிட்டதில்லை, அவள் அம்மா வீட்டில் சாரு, எனக்கு மணி, ஆபீசுக்கு மேடம், அவனுக்கு மட்டும் பாதிப் பெயரை வெட்டி எடுத்துப் பளிச்சென்று ஒரு சாரதா. அவள் சிரித்தாள். என்ன சிரிப்பு அது, நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், உதட்டுச் சிரிப்பா குரலில் வரும் சிரிப்பா என்று இத்தனை தூரத்திலிருந்து தெரியவில்லை. 'தேங்க்ஸ் சார்' என்றாள். அந்தச் சாரின் வாலில் ஏதாவது இருந்ததா. கிரைண்டர் சத்தத்தில் கேட்கவில்லை. வயிற்றெரிச்சலுக்கு நட்சத்திரம் கொடுக்கும் சட்டம் வந்தால் ஐந்தையும் நான் வாங்கிவிடுவேன், துளிச் செலவு கிடையாது, அவள் யாரையாவது பார்த்து ஒருமுறை சிரித்தால் போதும், அன்றைக்கு முழுவதும் எரிவேன். போன தடவை அவள் டெல்லி போய்விட்டு வந்தபோது அங்கே அவளுக்கு ஒரு பதவி காத்திருக்கிறது என்று பேச்சு அடிபட்டது. நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. கோஷிக்கு மாவு அரைக்கத் தெரியுமா. தெரியாது. பாக்கெட் மாவு வாங்குகிறவன் முகம் அது. அதை நினைத்ததும் கொஞ்சம் குளிர்ந்தது, இருபத்தாறிலிருந்து இருபத்தைந்துக்கு இறங்கின மாதிரி. சீ, என்ன புத்தி இது. ஐம்பதை நெருங்கிக்கொண்டு ஒருத்தன் பேனாவைப் பார்த்துப் பொருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பேனாவை இன்னும் அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.

எழுந்து சொன்னால் என்ன. மேடம், மாவு ஆகவில்லை, அரை மணி நேரக் கணக்கு தப்பு, இந்த முறையில் போனால் சோம்பேறி மோட்டாருக்கெல்லாம் ஐந்து நட்சத்திரம் கிடைக்கும், ஜனங்கள் நட்சத்திரத்தை நம்பிக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போவார்கள், வீட்டில் மாவு ஆகாமல் இன்னும் அரை மணி ஓட்டுவார்கள், கரண்ட் பில் ஏறும். நாலே வாக்கியம். சொன்னால் என்ன ஆகும், அவள் தலையாட்டி அழகாகத் திருத்தி எழுதிக்கொள்வாள், கூட்டத்துக் குறிப்பில் தலைவரின் வழிகாட்டுதலில் என்று வரும், கோஷி கைகொடுப்பான், அவளுக்கு. சொல்லாவிட்டால்? இந்த விதி அவள் பெயரில் வெளியே போகும். ஒரு வருஷம், மிஞ்சிப்போனால் இரண்டு, வாங்கினவர்கள் திட்டுவார்கள், பேப்பரில் யாராவது எழுதுவார்கள், யார் தலைமையில் இந்த முட்டாள்தனம் நடந்தது என்று டெல்லியில் கேட்பார்கள், டெல்லிப் பதவி என்ற பேச்சே எழாது. அன்றைக்கு அவள் கீழே இறங்கி என் மேஜைக்கு வந்து, ஏனுங்க, எப்படி இதக் கவனிக்காம விட்டேன் என்பாள். நான் நிமிராமல் மீட்டரைப் பார்த்துக்கொண்டு, விடு மணி, எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்பேன். எவ்வளவு பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையை நாக்கில் வைத்துச் சுவைத்துப் பார்த்தேன், தித்தித்தது, கடைசியில் மட்டும் கசந்தது. கசந்ததற்குக் காரணம் இருக்கிறது. அவள் அந்த மாதிரி வந்து நின்ற ஒரு நாள் எனக்குத் தெரியும், அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வாசலில் வந்து நின்றாள், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அந்தப் பிடி அன்று ராத்திரிவரை வலித்தது. அவளை அப்படி நிற்கவைக்கவா நான் ஆசைப்படுகிறேன். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனம் கெடவேண்டும் என்பார்கள், இங்கே எதிரியும் மூக்கும் ஒரே வீட்டில். எழுந்து சொல்லிவிடு திருமூர்த்தி. சொல். காலை ஊன்று. ஊன்றினேன்கூட, நாற்காலி கிறீச்சிட்டது, அவள் திரும்பிப் பார்த்தாள், என்னைத்தான் பார்த்தாள், கண் கொஞ்சம் அகன்றது, அப்போது பார்த்து கோஷி குனிந்து அவள் காதருகில் ஏதோ சொன்னான், அவள் அவன் பக்கம் தலையைச் சாய்த்தாள். நான் காலைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அரை மணி முடிந்து மணி அடித்தது. கிரைண்டர் நின்றதும் அறை சட்டென்று காலியானது போலிருந்தது. நாச்சிமுத்து ஓடிப்போய் மீட்டரில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "அஞ்சுங்க! அஞ்சு ஸ்டாருக்குள்ளயே வந்துருச்சுங் மேடம்" என்று வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்தார். கை தட்டினார்கள். நானும் இரண்டு தட்டுத் தட்டினேன், கை தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடும். கோஷி, "அப்போ இந்தப் பிரிவை முடிச்சுக்கலாம் அல்லே?" என்றான். அவள் உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. தாளைக் கீழே வைத்தாள், கண்ணாடியைக் கழற்றினாள், மேஜையின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் நின்றாள். "இந்தப் பிரிவு மேல யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லோணுங்களா?" ஆளாளுக்குத் தாளைப் புரட்டினார்கள். "லேப் பக்கத்துல இருந்து ஏதாச்சும் இருக்குதுங்களா?" லேப் பக்கம் என்றால் நான் ஒருவன்தான். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், புருவம் லேசாகத் தூக்கியிருந்தது, வீட்டில் சாதம் வைக்கட்டுங்களா என்று கரண்டியோடு நிற்கும்போது தூக்குகிற அதே புருவம். எனக்கு அது சவாலாகப் பட்டது. கையெழுத்து வேண்டும் உனக்கு, என் சொட்டு முறையை வழித்து எறிந்துவிட்டு அதற்கு என் சம்மதமும் வேண்டும். வாய் திறந்தது. "ஒண்ணுமில்லீங்க மேடம்." சொல்லி முடித்ததும் காது அடைத்துக்கொண்டது, கிரைண்டர் இன்னும் ஓடுகிற மாதிரி உள்ளே ஒரு இரைச்சல். அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"அப்படீன்னா நானே சொல்லிர்றேனுங்க" என்றாள். குரல் மாறியிருந்தது. "இந்த முறையில ஒரு ஓட்டை இருக்குது. அரை மணி ஓட்டுங்கன்னு சொல்றோம், மாவு ஆச்சான்னு கேக்கறதில்ல. மாவு ஆச்சான்னு பாக்கறதுக்கு எங்க லேப்ல திருமூர்த்தி சார் ஒரு முறை வகுத்து வெச்சுருக்கறாரு. அவர் என் வீட்டுக்காரர், உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். தலைவரா உக்காந்துட்டு வீட்டுக்காரர் விஷயத்த நானே வரைவுல எழுதி நானே நிறைவேத்துனா பேச்சு வரும், பேச்சு வந்தா அந்த முறையவே தள்ளிப்போடுவாங்க. அதுனாலதான் எடுத்துட்டேன். லேப் பக்கத்துல இருந்து கூட்டத்துல வந்தா யாரும் கேள்வி கேக்க முடியாது, அவர் பேருலயே பதிவாகும். வரும்னு பார்த்தேன்." அங்கே நிறுத்தினாள், வரல என்று சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம். மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு கிரைண்டரிடம் போனாள், மாவில் விரலை விட்டாள், ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டாள். கல்லாக இறங்கியது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள், டம்ளரின் அடியில் வெள்ளையாகக் கிடந்தது. நாச்சிமுத்துவின் முகம் தொங்கி, உடனே மனுஷன் நேர்மையாகச் சிரித்துவிட்டார். "எங்கூட்டு அம்மிணியும் இப்படித்தானுங் பாக்கும். இது தெரியாமயா அஞ்சு ஸ்டாருன்னு குதிச்சேன்!" கோஷி என் பக்கம் திரும்பினான், குரலில் குத்தல் கிடையாது, நிஜமான ஆச்சரியம், அதுதான் இன்னும் கொடுமை. "நல்ல முறை அல்லே சார் இது. நீங்க ஏன் சொல்லல?" எல்லாத் தலைகளும் திரும்பின. காலையில் காரில் அவள் சொன்னது இப்போது முழுசாகக் கேட்டது, வாயத் தொறந்து பேசுங்க. குத்தல் இல்லை அது. வழி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். சொன்னது ஒன்று, என் வயிறு கேட்டது ஒன்று. ஏன் நேராகச் சொல்லவில்லை, நேற்று ராத்திரியே சொல்லியிருக்கலாமே என்று அந்த நேரத்திலும் மனம் அவள்மேல் ஒரு குற்றம் தேடியது. உர்ரென்று உட்கார்ந்து சாப்பிட்டவனிடம் எதைச் சொல்வாள். கோஷியின் கேள்விக்குப் பதில் அவள்தான் சொன்னாள். "அவருக்குக் கூச்சமுங்க. நாலு பேர் முன்னால பேச மாட்டாரு." சிரித்தார்கள், அன்பாகத்தான் சிரித்தார்கள். எனக்காகப் பொய் சொல்கிறாள், அதையும் நன்றாகச் சொல்கிறாள், நான் மாதக்கணக்காக விட்டுப் பார்த்த சொட்டை ஒரே சொட்டில் அத்தனை பேருக்கும் புரியவைத்துவிட்டாள், நான் எழுந்து சொல்லியிருந்தால் இத்தனை நன்றாக வந்திருக்காது. என்னைப் பற்றி அவள் பேசினதைக் கேட்டு எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. இந்த நேரத்திலும்.

கிரைண்டரைத் திரும்ப ஓட்டினார்கள், மாவு ஆகிற வரைக்கும். யாரும் விசிறவில்லை, எல்லாரும் அதைச் சுற்றி நின்றோம், கல்யாண வீட்டில் சாம்பார் இறங்குவதற்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. மீட்டர் ஏறிக்கொண்டே போனது, ஐந்து நட்சத்திரம் நாலாகி, நாலும் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது, நாச்சிமுத்து ஒவ்வொரு எண்ணுக்கும் உச்சுக் கொட்டினார். நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன், கரகரப்பு மெல்ல மெல்ல இறங்கிச் சளப் சளப் என்று வந்தது, எனக்கு முதலில் தெரிந்தது, அவளுக்கு அடுத்துத் தெரிந்தது, இத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்ட காது. டம்ளரைக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடித்து என்னிடம் நீட்டினாள், கை படாமல் நீட்டினாள். நான் மாவைத் தொட்டேன். பந்து மாதிரி எழும்பியிருந்தது, குளிர்ச்சியாக, உள்ளே காற்று நிறைந்து. சொட்டை விட்டேன். மிதந்தது. இரண்டாவதை விட்டேன், அதுவும். மூன்றாவதும் மிதந்து, டம்ளர் விளிம்பில் மற்ற இரண்டோடு ஒட்டிக்கொண்டது. யாரோ கை தட்டினார்கள். "மாவு ஆயிருச்சுங்க மேடம்" என்றேன். மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்லிக் குறித்துக்கொண்டாள், கோஷியின் பேனாவை மூடி அவனிடம் திருப்பிக் கொடுத்தாள், அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் குளிரவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். "ரொம்ப நன்றிங்க சார்" என்றாள். கிரைண்டரை யாரோ அணைத்திருந்தார்கள், அறையில் வேறு சத்தமே இல்லை, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது, அந்தச் சாரின் வால் வரைக்கும் கேட்டேன். வெறும் சார்தான் இருந்தது.